கெட்டுப்போகாத சோப்பு

டிப்போவில் அவனுக்கு நிதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளம் போடுகிறவர் மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தார். அவன் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை. வளைவில் திருப்பினால், தூங்குகிறவர் தலை பக்கத்து ஆளின் தோளில் சாயாது. அப்பேர்ப்பட்ட மனிதன் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு சோப்புக் கட்டியால் தலைகால் புரியாமல் திரிந்தான் என்றால் யார்தான் நம்புவார்கள்? ஆனால் திரிந்தான். ஒரு பஸ் நிறைய சாட்சி இருக்கிறது.

எல்லாம் உள்ளங்கையில் ஆரம்பித்தது. டிப்போ குழாயடியில் கை கழுவ ஒரு பவுடர் வைத்திருந்தார்கள். அது கிரீஸோடு சேர்த்துத் தோலையும் உரித்துக்கொண்டு போகும். விரலிடுக்கெல்லாம் வெடித்து, ஸ்டியரிங்கைப் பிடித்தாலே எரிய ஆரம்பித்தது. டாக்டர் களிம்பு ஒன்று எழுதிக் கொடுத்து, "காரம் இல்லாத சோப்பா பாத்துப் போடுங்க" என்றார். கடைகளில் வாங்கிப் பார்த்தான். ஒன்று எரிந்தது, ஒன்று அரித்தது, இன்னொன்று போட்டதும் கையே மீன் செதில் மாதிரி ஆயிற்று.

"நாமளே செஞ்சுட்டா என்னடா?" என்றாள் அக்கா.

அக்கா ஜன்னல் திரை தைப்பவள். தம்பியும் அவளும்தான் அந்த வீட்டில். முன்னறை முழுக்கத் துணிச் சுருள், நடுவில் மெஷின், மெஷினுக்குப் பின்னால் அக்கா. இருவரும் செல்போனில் சோப்பு செய்கிற வீடியோ ஒன்றைப் பார்த்தார்கள். அதில் வந்த ஆள் கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு முழங்கை வரை உறை, வாய்க்குத் துணி என்று எல்லாம் மாட்டிக்கொண்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஒரு டப்பாவைத் தூர நின்று சாய்த்தான்.

"இவன் சோப்பு செய்யறானா, வெடிகுண்டு செய்யறானா?" என்று கேட்டாள் அக்கா. டப்பாவில் இருப்பது காஸ்டிக் சோடா என்று தெரிந்ததும் போனை அணைத்தேவிட்டாள். "சாக்கடை அடைச்சப்ப இந்தக் கர்மத்தைப் போட்டுத்தான் என் அலுமினியத் தட்டு பொத்தலாச்சு. இது வாசப்படி ஏறிச்சுன்னா நான் இறங்கிடுவேன், சொல்லிட்டேன்."

ஆகவே காஸ்டிக்கைக் கையால் தொடாமல் சோப்பு செய்ய வழி உண்டா என்று விசாரித்துக்கொண்டு, பஸ் நிலையத்துக்குப் பின் தெருவில் இருந்த ஒரு கடைக்குப் போனான். சாவி செய்பவருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டிருந்த கடை. மெழுகுவர்த்தி மெழுகு, அச்சு, வாசனை எண்ணெய் எல்லாம் விற்பார்கள். உள்ளே ஒரு பெண், மூக்கு சிவந்து, கைக்குட்டையும் கையுமாக நின்றிருந்தாள். வாங்க என்று சொல்வதற்குப் பதில் ஒரு சின்னப் புட்டியைத் திறந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"சார், கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லுங்களேன். ஆரஞ்சா, எலுமிச்சையா? சீட்டு உரிஞ்சுபோச்சு. எனக்கு நாலு நாளா சளி."

அவன் நிதானமாக மோந்து பார்த்தான். "ஆரஞ்சு."

"இது?"

"எலுமிச்சை."

"அப்பாடா! காலையில இருந்து எல்லார்கிட்டயும் ரெண்டையும் கலந்து கலந்து வித்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே தும்மலாக மாறியது. தும்மி முடித்து மிச்சத்தைச் சிரித்தாள்.

அவன் வந்த காரியத்தைச் சொன்னான்.

"காஸ்டிக் இல்லாம சோப்பே கிடையாது சார்" என்றாள். அவன் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, கீழிருந்து வெள்ளை வெளேரென்ற ஒரு பாளத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். "ஆனா அந்தச் சண்டையை எல்லாம் வேற ஒருத்தர் உங்களுக்காகப் போட்டு முடிச்சுட்டாரு. எண்ணெயும் காஸ்டிக்கும் ஒண்ணா சேந்து சோப்பா மாறிடுச்சுன்னா அப்புறம் காஸ்டிக்னு தனியா அதுல எதுவும் மிஞ்சாது. தொட்டுப் பாருங்க. இதை வெட்டுங்க, உருக்குங்க, அச்சுல ஊத்துங்க. அவ்வளவுதான் வேலை. சின்னப் பசங்ககூட இங்க வந்து செஞ்சு எடுத்துட்டுப் போறாங்க."

சின்னப் பசங்களால் முடிந்தது அவனால் முதல் தடவை முடியவில்லை. பாத்திரத்தை நேராக அடுப்பில் வைத்துப் பெரிய தீயில் விட்டான். சோப்பு பொங்கி எழுந்து அடுப்பை அணைத்தது. மிஞ்சியதை அக்காவின் பொத்தான் டப்பாவில் ஊற்றி ஆறவைத்தால், உள்ளெல்லாம் ஓட்டை, மேலெல்லாம் நுரை, வாசனையோ இஸ்திரிப் பெட்டியில் துணி கருகின மாதிரி. மறுநாள் அதை ஒரு காகிதத்தில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனான்.

அவள் பிரித்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"கொதிக்க விட்டீங்களா சார்?"

"நல்லா கொதிக்க விட்டேன் மேடம்."

அவ்வளவுதான், சிரிப்பு பீறிட்டது. சளி போயிருந்ததால் இந்தத் தடவை தும்மல் குறுக்கே வரவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தோள் குலுங்கச் சிரித்தாள். கேலி என்று தோன்றவில்லை அவனுக்கு. யாரோ வெயில் காலத்தில் தலைமேல் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டின மாதிரி இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லித் தந்தாள்: தண்ணீர் கொதிக்கலாம், சோப்பு கொதிக்கக் கூடாது, ஆகவே பாத்திரத்துக்குள் பாத்திரம். வாசனையைச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகு விட வேண்டும். மேலே நுரை கட்டினால் ஸ்பிரிட்டை லேசாகப் பீய்ச்ச வேண்டும். அச்சிலிருந்து எடுத்ததும் காற்றுப் படாமல் சுற்றிவிட வேண்டும், இல்லையென்றால் சோப்பு ஈரத்தை இழுத்து வேர்த்துவிடும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது தன் வீட்டைத் தாண்டி நடந்துபோய், பக்கத்துத் தெரு முனையில் நின்று, இங்கே எதற்கு வந்தோம் என்று யோசித்தான்.

இரண்டாவது தடவை சோப்பு கண்ணாடி மாதிரி வழவழவென்று வந்தது. கையில் தேய்த்தால் எரிச்சல் இல்லை, அரிப்பு இல்லை. வேறொருவனாயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். இவனுக்கோ முகம் வாடிப்போயிற்று. சோப்பு நன்றாக வந்துவிட்டதே, இனி அந்தக் கடைக்கு என்ன சாக்கு சொல்லிப் போவது?

போனான். மேஜை முன்னால் நின்று, எச்சிலை விழுங்கி, "வேர்த்துடுச்சு மேடம்" என்றான்.

"அச்சச்சோ, உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள் அவள்.

அந்த ஸ்டூல்தான் அவனைக் கெடுத்தது. அதற்குப் பிறகு வாரா வாரம் அவன் சோப்புக்கு ஒரு புது வியாதி வந்தது. ஒரு வாரம் இரண்டு அடுக்கும் ஒட்டாமல் பிரிந்துவிட்டதாம். ஒரு வாரம் ரோஜா இதழ் கருத்துவிட்டதாம். ஒரு வாரம் நிறம் அடியில் தங்கிவிட்டதாம். சோப்பு எப்படியெல்லாம் கெடும் என்று செல்போனில் படித்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு போவான். அவள் ஒவ்வொன்றுக்கும் மருந்து சொல்வாள். பிறகு பேச்சு எங்கெங்கோ போகும். வீட்டில் அவளும் அப்பாவும்தான். அப்பாவுக்குக் காது மந்தம். கல்யாணம் ஒன்று ஆகி, ஒத்துவராமல், வருஷக்கணக்குக்கு முன்னாலேயே முடிந்துபோயிற்று. அவன் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கதையைச் சொல்வான். டிக்கெட் எடுத்தபிறகு பஸ் எங்கே போகிறது என்று கேட்கிறவர், தினமும் கடைசி ஸ்டாப் வரை தூங்கிவிட்டுத் திரும்பவும் தூங்கிக்கொண்டே வருகிறவர். அவள் மேஜையைப் பிடித்துக்கொள்வாள். அவள் மேஜையைப் பிடித்தால் இவனுக்கு ஸ்டூலில் கால் தரையில் பாவாது.

ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு திரும்ப முடியுமா? ஒரு பாளம் வாங்குவான். வாங்கினால் செய்ய வேண்டும். செய்யச் செய்யக் கை தேர்ந்துகொண்டே போயிற்று. நீலமும் வெள்ளையும் அலை அலையாகப் பின்னிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சோப்பு செய்தான், அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைப் போய்த் தண்ணியில நனைக்கறதா?" என்றாள். சோப்பு பீரோவில் நிறைந்தது. செருப்பு ஸ்டாண்டில் நிறைந்தது. பொத்தான் டப்பாக்களில் நிறைந்தது. பொத்தான் எடுக்கப் போகிற அக்கா லாவண்டர் வாசனையோடு திரும்பி வந்தாள்.

"கை எப்பவோ சரியாயிடுச்சே. அப்புறம் எதுக்குடா இத்தனை?"

"பழக்கம் விட்டுப்போயிடும்கா" என்றான்.

மிச்சத்தைக் கண்டக்டர் பார்த்துக்கொண்டான். அவனோடு வருஷக்கணக்காக ஒரே பஸ்ஸில் போகிறவன், வாய் ஓயாதவன். பை நிறைய சோப்பைப் பார்த்ததும், டிக்கெட் கிழிக்கிற கையாலேயே பயணிகளுக்கு எடுத்து எடுத்து நீட்ட ஆரம்பித்தான். "எங்க டிரைவர் கை வேலை. நுரையைப் பாருங்க, அப்புறம் பேசுங்க!" பஸ்ஸுக்குள் வியர்வை வாடை போய் ஆரஞ்சு மணந்தது. முன்னால் ஒரு காலி பஸ் நின்றாலும் அதை விட்டுவிட்டு இவன் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த பொய்யை ஒரு சாயங்காலம் அந்தக் கடைக்காரியே மடக்கினாள். அன்றைக்கு அவன் "பிசுபிசுன்னு இருக்கு மேடம்" என்று ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"போதும் சார். உங்க மேல தப்பே இல்ல. இத்தனை பேருக்குச் சொல்லித் தந்திருக்கேன், இவ்வளவு பொறுமையா கேட்டுச் செஞ்ச ஆளை நான் பாத்ததில்ல. நான் வித்த பாளக் கட்டிதான் மோசம். நேத்து சப்ளையருக்கு போன் போட்டு கிழிகிழின்னு கிழிச்சுட்டேன்."

அவன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். "ஐயோ, அதெல்லாம் எதுக்கு மேடம்..."

"நீங்க சும்மா இருங்க. நல்லவங்களா இருந்தா ஏமாத்தத்தான் பாப்பாங்க. அந்த மனுஷன் ஒத்துக்கவே மாட்டேங்கறாரு. ஞாயித்துக்கிழமை நான் உங்க வீட்டுக்கு வரேன். கெட்டுப்போன சோப்பை எல்லாம் எடுத்து வைங்க. போட்டோ பிடிச்சு அவர் மூஞ்சியில அடிக்கறேன்."

வீட்டுக்கு ஓடிவந்து அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அக்கா மெஷினை நிறுத்தினாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். தம்பியை மேலிருந்து கீழ்வரை புதுசாகப் பார்த்தாள்.

"அப்ப இத்தனை சோப்பும் ஒரு பொண்ணைப் பாக்கத்தானா?"

அவனுக்கு அசடு வழிந்தது.

"மண்டு! உனக்கு வயசாகிக் கிறுக்குப் பிடிச்சிடுச்சுன்னு நான் பயந்துட்டிருந்தேன்டா!" அக்காவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டையும் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி, வா. நல்லதை எல்லாம் ஒளிச்சு வைப்போம். கெட்டதா நாலு செய்வோம். அது என்ன பெரிய வித்தையா?"

பெரிய வித்தையாகத்தான் இருந்தது. மஞ்சள் தூளைக் கரைக்காமல் கொட்டினார்கள். பளிங்கில் ஓடுகிற கோடு மாதிரி அழகாகப் படர்ந்தது. காப்பிப் பொடியைக் கொட்டினார்கள். முதுகு தேய்க்க அருமையாக இருந்தது. சுற்றாமல் திறந்து வைத்தார்கள். மேலே முத்து முத்தாக வேர்த்து, பனியில் நனைந்த பூ மாதிரி நின்றது. "அட, இது இன்னும் நல்லா இருக்கேடா" என்றாள் அக்கா, அழாத குறையாக. கடைசியில் யார் செய்தது தப்பு என்று இருவரும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அடுப்பில் இருந்தது நன்றாகக் கொதித்துக் கருகியது. அதில் அக்கா சமையல் எண்ணெயைத் தாராளமாக ஊற்ற, அவன் மிச்சமிருந்த எல்லா நிறத்தையும் கொட்டினான்.

ஆறியபின் அச்சைக் கவிழ்த்தார்கள். சேற்று நிறத்தில், ரப்பர் மாதிரி நெளிந்துகொண்டு, எண்ணெய் வழிய, டயர் எரிந்த வாடையோடு ஒன்று பொத்தென்று விழுந்தது. இருவரும் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார்கள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சுற்றிச் சுற்றி ஆடினார்கள்.

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை, கண்டக்டரிடம் காட்டுவதற்காக அதைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து எடுத்துப் போனான்.

அந்தச் சனிக்கிழமையில்தான் அவள் பஸ் ஏறினாள். கையில் கனமான பை. சப்ளையரின் கிடங்கு அவன் பஸ் போகிற வழியின் கடைசியில் இருந்தது. ஞாயிறுவரை பொறுக்க முடியாமல், பாளங்களை நேரில் வந்து வீசியெறிவேன் என்று அவரிடம் போனில் சொல்லிவிட்டுப் புறப்பட்டிருந்தாள்.

"அட, சார்! இது உங்க பஸ்ஸா?" என்று வாயெல்லாம் பல்லாக, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையிலேயே உட்கார்ந்தாள்.

அவன் கண்ணாடியில், சோப்புப் பேச்சை எடுக்காதே என்று கண்டக்டருக்குக் கண் காட்டினான். கண்டக்டர் ஒன்றும் புரியாமல் பதிலுக்குக் கையை ஆட்டினான். அடுத்த ஸ்டாப்பில் கைக்குழந்தையோடு ஒரு தாய் ஏறி, நேராக டிரைவரிடம் வந்தாள். "அண்ணே, அந்தப் பால் சோப்பு குழந்தைக்கு அவ்வளவு நல்லா ஒத்துக்கிச்சுண்ணே. ஒரு பொட்டு சிவக்கல."

அவன் ஹாரனை அடித்தான். முன்னால் யாருமே இல்லை.

அதற்கடுத்த ஸ்டாப்பில் ஒரு பெரியவர். "டிரைவர் தம்பி, அந்த எலுமிச்சை முடிஞ்சுபோச்சு. வீட்ல தினம் கேக்கறாங்க."

அவன் இன்னும் நீளமாக ஹாரன் அடித்தான். கண்ணாடியில் அவளைப் பார்க்கத் துணிவில்லை. பின்னால் ஒரே சத்தம். அதென்னவென்று பார்த்தால் ஒரு ஸ்டாப்பை நிறுத்தாமல் தாண்டி வந்திருந்தான்! "நிதானம் ஸ்டாப்பை விட்டுட்டாருடோய்!" என்று யாரோ கூவ, பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கண்டக்டர் முதல் இருக்கைக்கு வந்து, குனிந்து, மிகுந்த மரியாதையோடு நீட்டினான்.

"மேடம் நம்ம பஸ்ஸுக்குப் புதுசா? எடுத்துக்குங்க. டிரைவர் கை வேலை."

நீலமும் வெள்ளையும் பின்னிய அலை. அவள் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கடைசி ஸ்டாப் வரை அதை மோந்து மோந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

எல்லாரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. அவன் இன்ஜினை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இது எந்தக் கட்டியில செஞ்சது?"

"உங்க கட்டிதான் மேடம்."

"வேர்த்துச்சா?"

"இல்ல."

"அடுக்கு பிரிஞ்சுச்சா? பூ கருத்துச்சா? பிசுபிசுன்னு இருந்துச்சா?"

"எதுவுமே ஆகல மேடம்."

"அப்ப ஏன் சார்?"

திரும்பி அவளைப் பார்த்தான். ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் பேசுவது கஷ்டமாக இருந்தது. "நல்லா வந்துடுச்சுன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் எதைச் சொல்லிட்டுக் கடைக்கு வர்றது?"

அவள் காதுவரை சிவந்தாள். ஆனால் கோபமும் விடவில்லை. "அந்த சப்ளையர் பெரியவரை நான் என்ன கேள்வி கேட்டேன் தெரியுமா? நீ சோப்பு விக்கறியா, சுண்ணாம்பு விக்கறியான்னு கேட்டேன். எங்கப்பா வயசு அவருக்கு! பாவம், 'கட்டி நல்ல கட்டிதாம்மா'ன்னு மட்டும் சொன்னாரு."

அவனுக்கு உடம்பு கூசிற்று. என்ன செய்வதென்று தெரியாமல் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டு, சேற்று நிற உருண்டையை எடுத்து நீட்டினான். "ஒண்ணு நிஜமாவே கெட்டுப்போச்சு மேடம். நானும் அக்காவும் ராப்பகலா பாடுபட்டு இந்த ஒண்ணைத்தான் கெடுக்க முடிஞ்சுது."

அவள் மோந்து பார்த்தாள். முகம் கோணியது. உதட்டைக் கடித்தாள். கம்பியைப் பிடித்தாள். அப்புறம் பஸ் குலுங்கியது. அவள் சிரித்ததில் குலுங்கியதா, வெளியே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் படியில் தவறி விழுந்ததில் குலுங்கியதா, தெரியாது. வழிகிற கண்ணோடேயே அவள் போனை எடுத்து, எண்ணைப் போட்டு, அவன் கையில் திணித்தாள். "பேசுங்க. நீங்களே பேசுங்க."

"ஐயா, வணக்கம்" என்றான் அவன். எழுந்து நின்றே பேசினான். "உங்க கட்டி மேல எந்தத் தப்பும் இல்லீங்க. தப்பு என் மேல."

"என்னப்பா தப்பு?" என்றது சப்ளையரின் சோர்ந்த குரல்.

"கடைக்கு அடிக்கடி போகணும்போல இருந்துச்சுங்க ஐயா."

 அந்தப் பக்கம் எழுந்த சிரிப்பு வெளியே நின்ற கண்டக்டருக்குக் கேட்டது. "அட நல்லவனே! இதுக்கு நான்தானா கிடைச்சேன்? என் பொண்டாட்டிகிட்ட சொன்னா அவளும் சிரிப்பா, இரு. சரி, ரெண்டு பேரும் கிடங்குக்கு வாங்க, டீ குடிச்சுட்டுப் போங்க. பாளத்தை மட்டும் வீசாதீங்க, காலு போயிடும்."

அடுத்த பஸ் எடுக்க நேரமிருந்தது. டீ குடித்தார்கள். அவள் பெரியவரிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். திரும்பி வரும்போது அந்த நீலச் சோப்பைக் கையிலிருந்து விடாமல், "இந்த அலை எப்படி வருது? நான் ஊத்தினா ரெண்டு நிறமும் கலங்கிச் சகதியாயிடுது. நாளைக்கு வந்தா சொல்லித் தருவீங்களா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா தன் தையல் மெஷினுக்கே ஒரு புதுத் திரை போட்டு மூடியிருந்தாள். வந்தவளை வரவேற்று, வாய் நிறையப் பேசி, பீரோ, செருப்பு ஸ்டாண்டு எல்லாவற்றையும் திறந்து காட்டினாள். பிறகு யாரும் கேட்காமலே, "நான் காய் வாங்கப் போறேன், நேரமாகும், ரொம்ப நேரமாகும்" என்று உரக்க அறிவித்துவிட்டுப் படி இறங்கினாள்.

அவன் இரண்டு பாத்திரத்தில் சோப்பை உருக்கினான். ஒன்றில் நீலம் கலந்தான். "ரெண்டும் ஒரே சூட்டுல இருக்கணும். கை பொறுக்கற சூட்டுக்கு ஒரு பிடி மேல. அதுக்காகக் கொஞ்சம் காத்திருக்கணும், அதுதான் ரகசியம்" என்றான்.

காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் அவள் தன் அப்பா டெலிபோனைத் தலைகீழாகப் பிடித்துப் பேசின கதையைச் சொன்னாள். பார்த்தால் சோப்பு பாத்திரத்திலேயே உறைந்திருந்தது. திரும்ப உருக்கினார்கள். இந்தத் தடவை அவன், தன் மேலதிகாரி ஒருவர் பஸ்ஸில் ஏறி டிக்கெட் எடுக்காமல் கண்டக்டரிடம் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னான். மறுபடி உறைந்தது. மூன்றாவது தடவை யாரும் எந்தக் கதையும் சொல்லவில்லை. பாத்திரத்தைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னை இன்னமும் மேடம்னு கூப்பிடணுமா?" என்று அவள் கேட்டாள். "வேற எப்படிக் கூப்பிடறதுன்னு பழகணும்" என்றான் அவன். "பழகுங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல. ஆனா ரொம்ப நிதானமா வேண்டாம்." அவன் அவள் கையைப் பிடித்தான். சோப்புப் பிசுக்கில் கை வழுக்கியது. இன்னும் கெட்டியாகப் பிடித்தான்.

வெயில் ஏறி, பை கனக்க, வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்துச் சத்தம் காட்டிக்கொண்டு அக்கா படியேறி வந்தாள். அடுப்படி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். இரண்டு பாத்திரம், இரண்டிலும் உறைந்த கட்டி, ஒரு அச்சுகூட நனையவில்லை.

"என்னடா, எத்தனை சோப்பு ஆச்சு?"

"ஒண்ணுகூட ஆகலக்கா" என்றான் அவன். சொல்லும்போதே இருவருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா காய்ப் பையை அப்படியே கீழே வைத்துவிட்டு, தானும் வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.